நண்டுப் பாட்டும் ஒரு தனி நகலும்

கோஎஞ்சி, டோக்கியோ
2006 மார்ச் 12

அன்புத் தங்கை ஹிசாவுக்கு,

பிளம் பூ கொட்டி முடிந்தும் குளிர் வாசலைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. உன் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? என்னுடையது மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் முனகுகிறது, மற்றபடி சமர்த்தாக இருக்கிறது.

உட்கார்ந்துகொண்டு படி. நம் மினோரியின் பாட்டு டிவியில் வரப்போகிறது.

ஏப்ரல் எட்டாம் தேதியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஐந்தரை மணிக்கு ஒரு படம் வருகிறது. பொம்மைப் படம் என்று சொன்னால் மினோரி முறைக்கிறாள், அனிமே என்று சொல்ல வேண்டுமாம். பெயர் 'இரும்பு நண்டு'. துறைமுகத்து ஊர் ஒன்றைக் காப்பாற்ற வீடு உயரத்துக்கு ஓர் இரும்பு நண்டு. அதன் வயிற்றுக்குள் ஒரு பள்ளிக்கூடப் பெண் உட்கார்ந்து ஓட்டுகிறாள். படம் தொடங்கும்போது வரும் முதல் பாட்டு நம் பிள்ளையுடையது. சொல்லும் அவளே, இசையும் அவளே, குரலும் அவளே. கூட இரண்டு பையன்கள், ஒருவன் மத்தளம், ஒருவன் தடித்த கம்பி கித்தார். மூவருக்கும் சேர்த்து 'ஈரச் செருப்பு' என்று ஒரு பெயர். அதை மட்டும் நான் அக்கம்பக்கத்தில் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

பாட்டு எண்பத்தொன்பது வினாடி. ஒரு வினாடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இவள் நாலு நிமிஷத்துக்குப் பாட்டைக் கட்டி வைத்திருக்க, அவர்கள் முதல் சரணத்தையும் பல்லவியையும் மட்டும் அறுத்து எடுத்துக்கொள்வார்களாம். மீன் நறுக்குகிற மாதிரி இருக்கிறதே என்றேன். "ஆமா பாட்டி, தலையும் நடுத்துண்டும் டிவிக்கு. வாலு சிடி வாங்கறவங்களுக்கு" என்றாள்.

நீயும் உன் மகன் யோஷிரோவும் அவன் பிள்ளைகளும் தவறாமல் பாருங்கள். மினோரியின் அம்மா கசுயேயை நீ என் மடியில் வைத்த அன்று நாம் பேசிக்கொண்டது பேசிக்கொண்டதுதான், மினோரிக்கு நீ சின்னப் பாட்டிதான். சின்னப் பாட்டி பெருமைப்படக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

கதகதப்பாக இரு.
அக்கா கினு

*

அபுரட்சு, மியாசாகி
2006 ஏப்ரல் 11

அக்காவுக்கு,

இங்கே செர்ரி போய்த் தளிர் வந்துவிட்டது. யோஷிரோவின் படகு முதல் சூரை மீனோடு திரும்பியது. காய்ந்த துண்டுகள் கொஞ்சம் அனுப்புகிறேன், மெல்லியதாகச் சீவிக்கொள். முழங்கால் பழைய முழங்கால்தான்.

பாட்டு கேட்டோம். நன்றாக இருந்தது. எனக்கு இந்த முழக்கமெல்லாம் புரியாது என்றாலும், மூன்றாவது சரணத்தில் மத்தளம் நின்றுபோய் அவள் குரல் மட்டும் தனியாக நடந்து வருகிற இடத்தில் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். அந்த இடத்தில் கொஞ்சம் கரகரப்பு இருக்கிறது. தொண்டையைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

பிள்ளைக்கு என் வாழ்த்து.

ஹிசா

*

கோஎஞ்சி
2006 ஏப்ரல் 22

பொய் சொல்லத் தெரியாத தங்கைக்கு,

மீன் துண்டு வந்தது. அடுத்த வீட்டுக்காரிக்கும் கொடுத்தேன், அவள் புகழ்ந்ததை முழுக்க எழுதினால் உனக்குத் தலை கனத்துவிடும்.

ஏடி, மூன்றாவது சரணத்தை நீ எந்த டிவியில் கேட்டாய்? நான்தான் எழுதினேனே, டிவிக்கு எண்பத்தொன்பது வினாடிதான் என்று. இரும்பு நண்டு கடலிலிருந்து ஒரு கொடுக்கைத் தூக்கும், மத்தளத்தில் ஒரு அடி விழும், பாட்டு முடிந்துவிடும். படம் வரைகிறவர்கள் அந்த அடிக்குச் சரியாகக் கொடுக்கைத் தூக்க வைக்க வாரக்கணக்கில் உட்கார்ந்தார்களாம். அதற்கு மேல் ஒரு எழுத்து கிடையாது. உண்மையைச் சொல், பார்த்தாயா இல்லையா?

நான் முதல் நாள் டிவி முன்னால் ஐந்து மணிக்கே உட்கார்ந்தேன். திரையின் கீழே பாட்டின் பெயரும் மினோரியின் பெயரும் இரண்டு வினாடி வந்தன. நான் ஐந்தாம் வகுப்போடு போர் வந்து பள்ளியை விட்டவள் அல்லவா, மெதுவாகத்தான் படிப்பேன். முதல் வாரம் பாதிதான் படித்தேன். இரண்டாம் வாரம் அவள் பெயரை முழுக்கப் படித்துவிட்டேன்.

எல்லாம் சர்க்கரையாக இல்லை. அவள் வழக்கமாகப் பாடும் கீழ்த்தளக் கூடத்தில் பழைய ரசிகர்கள் சிலர் "வந்துட்டா நண்டுப் பாட்டுக்காரி" என்று முணுமுணுக்கிறார்களாம். புதிதாக வருகிற பிள்ளைகள் நண்டுப் பாட்டு முடிந்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுகிறார்களாம். அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று சோற்றில் மீதி வைத்தாள்.

அதை விடு. ஜூலையில் அமெரிக்காவில் அனிமே பார்க்கிற பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கூடும் விழா ஒன்று இருக்கிறதாம். அங்கே வந்து பாடச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. நம் குடும்பத்தில் கப்பலுக்குப் போனவர்கள் உண்டு, விமானத்தில் கடல் தாண்டியவர் யாராவது உண்டா சொல். பாஸ்போர்ட்டுக்கு ஓட வேண்டும்.

மழைக்கு முன் போர்வையை வெயிலில் போடு.
கினு

*

அபுரட்சு
2006 மே 2

அக்காவுக்கு,

பார்க்கவில்லை. இந்த மாவட்டத்துக்கு வருவதே இரண்டு தனியார் நிலையங்கள். இரும்பு நண்டை இரண்டுமே வாங்கவில்லை. சனிக்கிழமை ஐந்தரைக்கு இங்கே டிவியில் யாரோ ஒருவர் மலையேறிக்கொண்டிருந்தார். நீ அத்தனை ஆசையாய் எழுதியிருந்தாய், இல்லை என்று எழுத மனம் வரவில்லை. மியாசாகி நகரத்துக்குப் பேருந்தில் போய் சிடி வாங்கினேன். கடைப் பெண் "பேரனுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பாட்டை எனக்காக வாங்குகிறேன் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டாள்.

அமெரிக்கா போகட்டும், நல்லபடியாகப் பாடிவிட்டு வரட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. மீன் சந்தை ஒதாவின் மகன் ஹவாய் போனபோது பாஸ்போர்ட்டுக்கு நகர அலுவலகத்தில் குடும்பப் பதிவேட்டின் நகல் வாங்கினான். மினோரிக்கும் அது வேண்டும். கசுயே கல்யாணமில்லாமல் பிள்ளை பெற்றபோது அவள் பெயரில் தனிப் பதிவேடு போட்டோம், அதில் தாயும் மகளும் மட்டும். கசுயேயின் பத்தியில் வளர்ப்புத் தாய் என்று உன் பெயர் இருக்கிறது. பெற்ற தாய் என்று என் பெயர் இருக்கிறது.

கசுயே இறந்தபோது மினோரிக்குப் பதினைந்து வயது, காகிதமெல்லாம் நீ பார்த்துக்கொண்டாய். இப்போது அவளே போய் வாங்கினால் அவளே படிப்பாள். உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உடம்பு சுகமா?
ஹிசா

*

கோஎஞ்சி
2006 மே 9

ஹிசாவுக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்தேன். அப்புறம் எதற்காக வாசலுக்கு வந்தேன் என்பது மறந்துபோயிற்று.

விசாரித்துவிட்டேன். நகல் இரண்டு வகை. முழு நகலில் பதிவேட்டில் இருக்கிற எல்லோருடைய பத்தியும் வரும். தனி நகலில் கேட்கிற ஒரு ஆளின் பத்தி மட்டும். பாஸ்போர்ட்டுக்குத் தனி நகலே போதும். அதில் மினோரிக்குத் தாய் கசுயே என்று இருக்கும், அதோடு சரி.

நம் பதிவெல்லாம் இன்னும் அபுரட்சுவில்தான் இருக்கிறது. மினோரி தபாலில் எழுதி வாங்கிக்கொள்கிறேன் என்றாள். சின்னப் பாட்டி அந்த ஊரிலேயே இருக்கும்போது தபால் எதற்கு என்று தடுத்துவிட்டேன். ஆகையால் நீ போக வேண்டும். மினோரியின் தனி நகல். முழுதாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்.

இதை உன்னிடம் கேட்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அன்றைக்கு உனக்கு இரண்டு பிள்ளை, வயிற்றில் மூன்றாவது, உன் வீட்டுக்காரர் படகிலிருந்து விழுந்து படுக்கையில். எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், வீட்டில் ஒரு சத்தமில்லை. பெரியவர்கள் பேசி முடித்தார்கள், நீ தலையாட்டினாய். கசுயேக்குக்கூட நாம் சொல்லவில்லை. இன்றைக்கு உன்னைப் பாட்டி என்று கூப்பிட யோஷிரோவின் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். எனக்கு ஒரு குரல்தான், ஹிசா. அதுவும் இப்போது டிவியில் பாதி, அமெரிக்காவில் பாதி.

மாதக் கடைசிக்குள் வேண்டும்.
கினு

*

அபுரட்சு
2006 மே 26

அக்காவுக்கு,

கேட்டது உள்ளே இருக்கிறது. தனி நகல்தான்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. அரிசியில் வண்டு வராமல் பார்த்துக்கொள்.

ஹிசா

*

கோஎஞ்சி
2006 ஜூன் 15

தங்கைக்கு,

மழை இங்கேயும் வந்துவிட்டது. துணி காயவில்லை, மினோரியின் குட்டைக் காற்சட்டைகள் வீடு முழுக்கத் தொங்குகின்றன.

நகல் நல்லபடியாக வந்தது. மினோரி வாங்கிப் பார்த்துவிட்டு, அப்பா பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் மடித்துப் பைக்குள் வைத்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதிலிருக்கிற படத்தில் திருடியைப் போல இருக்கிறாள்.

நான் ஆறு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இப்போதுதான் விட்டேன். உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சாப்பிடுகிற பொருளாக ஏதாவது அனுப்பலாம் என்று இனிப்புக் கடற்பாசி ஒரு பெட்டி அனுப்புகிறேன்.

தெருப்பிள்ளைகள் நண்டுப் பாட்டை மனப்பாடம் பண்ணிவிட்டார்கள். பொதுக் குளியலறையில் என் பக்கத்தில் ஒரு நாலு வயசுக்காரி தொட்டிக்குள் நின்று ஒரு கையைத் தூக்கிக்கொண்டு பாடினாள். அந்தப் பாட்டு எங்கள் வீட்டுப் பெண் எழுதியது என்றேன். அவள் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். துணியில்லாமல் நிற்கிறவள் சொன்னால் யார் நம்புகிறார்கள்.

எழுது.
கினு

*

கோஎஞ்சி
2006 ஜூலை 12

ஹிசாவுக்கு,

கடற்பாசி வந்ததா? பிடிக்கவில்லையா? உடம்பு சரியில்லையா? ஒன்றரை மாதமாகக் கடிதமில்லை. யோஷிரோவிடம் தொலைபேசியில் கேட்டேன், அம்மா நன்றாக இருக்கிறாள், வெள்ளரித் தோட்டத்தில் நிற்கிறாள் என்றான். வெள்ளரிக்கு நேரமிருக்கிறது, எனக்கு இல்லை.

மினோரி திரும்பி வந்துவிட்டாள். மூவாயிரம் பேராம். அட்டையில் நண்டுக் கொடுக்கு செய்து கையில் மாட்டிக்கொண்டு நின்றார்களாம். நம் மொழியில் ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர்கள் பாட்டு முழுவதையும் நம் மொழியிலேயே பாடினார்களாம், டிவியில் வராத சரணங்களையும் சேர்த்து. மினோரி மூன்றாவது சரணத்தில் வாயை மூடிக்கொண்டு அவர்களைப் பாடவிட்டாளாம். "நம்ம ஊர்ல டிவிக்கு மேல யாரும் கேக்கலைன்னு அழுதுட்டிருந்தேன் பாட்டி. அங்க வாலு வரைக்கும் தின்னுட்டாங்க" என்றாள்.

இன்னொன்றும் நடந்தது. ஜூலை முதல் வாரத்தோடு படத்தின் பாதி முடிந்ததாம். பாதி முடிந்தால் முதல் பாட்டை மாற்றிவிடுவார்களாம், அதுதான் வழக்கமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. போன சனிக்கிழமை உட்கார்கிறேன், வேறு யாரோ பாடுகிறார்கள். நண்டு அதே நண்டு, பாட்டு வேறு. டிவியை அணைத்துவிட்டேன்.

ஒரு வரியாவது எழுது.
கினு

*

அபுரட்சு
2006 ஆகஸ்ட் 18

அக்காவுக்கு,

வெயில் இன்னும் இறங்கவில்லை. மூதாதையர் வந்துபோகிற மூன்று நாளும் நல்லபடியாகக் கழிந்தன. கசுயேயின் படம் என் வீட்டு மாடத்தில் கிடையாது, அவள் உன் வீட்டுப் பிள்ளை. இருந்தாலும் இறந்தவர்கள் ஏறி வர வெள்ளரிக் குதிரை செய்யும்போது ஒன்று அதிகமாகச் செய்வேன். யாரும் எண்ணுவதில்லை.

கடற்பாசி நன்றாக இருந்தது. நீ ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது, அதனால் எழுதவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

நகல் வாங்க நீ அனுப்பிய கடிதத்தோடு ஒப்புதல் தாள் ஒன்று வைத்திருக்க வேண்டும், வைக்க மறந்துவிட்டாய். நகர அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். அதில் 'கேட்பவர் இவருக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம். பாட்டியின் தங்கை என்று எழுதினேன். கவுண்டரிலிருந்த பையன் தலையை அசைத்தான். "ஒப்புதல் கடிதம் இல்லாம சின்னப் பாட்டிக்கெல்லாம் தர முடியாதும்மா. நேர் உறவா இருந்தா தரலாம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி."

திரும்பி வந்து உனக்கு எழுதி, நீ தாள் அனுப்பி, நான் மறுபடி போயிருக்கலாம். மாதக் கடைசிக்குள் வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பேருந்து வந்து போயிற்று. புதிய படிவம் ஒன்று கேட்டு வாங்கி அந்தக் கட்டத்தில் பாட்டி என்று எழுதினேன்.

நாற்பத்தேழு வருஷத்தில் அதை நான் எழுதியதில்லை, சொன்னதும் இல்லை. ஒரு எழுத்தும் பிசகாமல் எழுதினேன். அதுதான் எனக்கே ஆச்சரியம்.

அவன் உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தான். திரும்பி வந்து, "சரியா இருக்கு பாட்டி. முழு நகலா, தனி நகலா?" என்றான்.

தனி நகல் என்றேன்.

அவன் வருகிற கிழவிகளையெல்லாம் பாட்டி என்றுதான் கூப்பிடுவான். ஆனால் அன்றைக்கு அவன் பார்த்துவிட்டு வந்து கூப்பிட்டான்.

அக்கா, நான் எதையும் கேட்கவில்லை. முழு நகல் வாங்கி அனுப்பியிருக்க என்னால் முடியும். அனுப்பவில்லை. நீ பயப்படாதே. கடிதம் எங்கே என்று கேட்டாய், அதற்குத்தான் இது.

நிறையத் தண்ணீர் குடி.
ஹிசா

*

கோஎஞ்சி
2006 அக்டோபர் 3

ஹிசாவுக்கு,

இலையுதிர் காற்று தொடங்கிவிட்டது. உன் கடிதம் வந்து ஆறு வாரமாயிற்று. எனக்கும் எழுத உட்கார்ந்தால் ஒன்றுதான் வந்தது, உனக்கு வந்ததைப் போல. முதல் வாரம் கோபம் வந்தது. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கக் கூடாதா என்று. அப்புறம் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நீ தனி நகலை அல்லவா கேட்டு வாங்கினாய்.

இரும்பு நண்டு போன சனிக்கிழமை முடிந்தது. கடைசி நாளாயிற்றே என்று மினோரி என்னை இழுத்து உட்கார வைத்தாள். தெருப்பிள்ளைகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். புதிய பாட்டு வந்தது, இருவரும் பாடினார்கள். அது முடிந்ததும் படத்தைப் பார்க்காமல் நம் பாட்டையும் பாடினார்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். எது நிஜமான நண்டுப் பாட்டு, சொல்லுங்கள் என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டேன். அதில் சின்னவன் எனக்குக் கணக்குத் தெரியவில்லை என்பதைப் போலப் பார்த்து, "ரெண்டும்தான் பாட்டி. இது முதல்ல வந்தது, அது அப்புறம் வந்தது" என்றான். மினோரி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் அவள் சமையலறையில் உட்கார்ந்து கித்தாருக்குப் புதிய கம்பி மாற்றிக்கொண்டிருந்தாள். நான் பாத்திரம் கழுவியபடி, முதுகைக் காட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன். உன் அம்மாவை நான் பெறவில்லை, ஹிசாதான் பெற்றாள், இரண்டு வயசில் என்னிடம் கொடுத்தாள் என்று. நகல் விஷயத்தையும் சொன்னேன். நீ எழுதிய கட்டத்தையும் சொன்னேன்.

கம்பி முறுக்குகிற சத்தம் நின்றது. நான் ஒரே கிண்ணத்தை மூன்று முறை கழுவினேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்றேன்.

"அது தப்பு, பாட்டி."

தப்புதான் என்றேன்.

கம்பி மறுபடி முறுக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாள், "ஸ்கூல்ல எல்லாருக்கும் ரெண்டு பாட்டி இருந்துச்சு. அப்பா வீட்டுப் பாட்டி, அம்மா வீட்டுப் பாட்டின்னு. எனக்கு மட்டும் ஒண்ணு கொறைஞ்சுது. இப்பதான் கணக்கு சரியாச்சு."

பிறகு கேட்டாள், "இவ்ளோ நாள் பயந்துட்டு இருந்தியே, இப்ப பயம் போயிடுச்சா?" போகவில்லை என்றேன். "சரி, அது இருக்கட்டும். சாப்பிட என்ன இருக்கு?" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. நவம்பரில் அவர்கள் ஊர் ஊராகப் பாடப் போகிறார்கள். மியாசாகியும் பட்டியலில் இருக்கிறது. அந்த ஊர் முதலில் பட்டியலில் இல்லை.

கினு

*

அபுரட்சு
2006 நவம்பர் 19

அக்காவுக்கு,

உன் கடிதத்தை யோஷிரோ படகிலிருந்து இறங்கி வரும்வரை கையிலேயே வைத்திருந்தேன். அவனுக்கும் சொல்லிவிட்டேன். அவன் நாலு வயசில் தங்கையைத் தேடியது நினைவிருக்கிறதாம். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே எல்லோரும் சுகம்.

பதினொன்றாம் தேதி அவன்தான் என்னை நகரத்துக்குக் கூட்டிப்போனான். மருந்துக்கடைக்குக் கீழே ஒரு நிலவறை, அதில் உட்கார நாற்காலியே கிடையாது. கதவருகே இருந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு, சோடா பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னாள். காதுக்குப் பஞ்சு கொடுத்தாள். பஞ்சு போதவில்லை. நெஞ்சுக்கும் கொடுத்திருக்கலாம், சத்தம் அங்கேதான் அடிக்கிறது.

மொத்தம் நாற்பது பேர் இருப்பார்கள். இங்கே இரும்பு நண்டை யாரும் பார்த்ததில்லை அல்லவா, அதனால் நண்டுக்காக வந்தவர் ஒருவர்கூட இல்லை. மினோரி மேடையில் அதைக் கேட்டாள். "இந்த அனிமே பாத்தவங்க கை தூக்குங்க" என்றாள். ஒரு கையும் எழவில்லை. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்ப இன்னிக்கு நான் நண்டுப் பாட்டுக்காரி இல்ல" என்றாள். அந்தப் பாட்டை மற்றப் பாட்டுகளுக்கு நடுவில், பத்தோடு பதினொன்றாகப் பாடினாள். யாரும் பாதியில் கிளம்பவில்லை. மூன்றாவது சரணத்தில் கரகரப்பு இன்னும் இருக்கிறது. அது தொண்டைக் கோளாறு இல்லை, அவள் வேண்டுமென்றே செய்வது என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் தனியாக ரயில் பிடித்து வீட்டுக்கு வந்தாள். நான் சோற்றின்மேல் குளிர்ந்த மீன் சாற்றை ஊற்றிக் கொடுத்தேன். நவம்பரில் அதை யாரும் சாப்பிட மாட்டார்கள். கை போன போக்கில் செய்துவிட்டேன். இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். அப்புறம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள், "அம்மா இங்க ரெண்டு வருஷம் இருந்தாங்களே. அந்த ரெண்டு வருஷம் எப்படி இருந்தாங்க?"

யாரும் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை, அக்கா. எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. தொடங்கியபின் நிறுத்தத் தெரியவில்லை. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் மற்றப் பிள்ளைகள் அழும், கசுயே மட்டும் அந்தச் சுருதியிலேயே திரும்பக் கத்துவாள் என்று சொன்னேன். வலையின் மேல் படுத்துத்தான் தூங்குவாள், எழுந்தால் கன்னத்தில் கட்டம் கட்டமாக இருக்கும் என்று சொன்னேன். மினோரி ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி ரயிலுக்கு முந்தின ரயிலில் போனாள்.

பல்லை அழுத்தித் தேய்க்காதே, ஈறு போகும்.
ஹிசா

*

கோஎஞ்சி
2006 டிசம்பர் 8

தங்கை ஹிசாவுக்கு,

வருஷக் கடைசிப் பெருக்கலைத் தொடங்கிவிட்டேன். அலமாரிக்குப் பின்னால் இத்தனை தூசி எப்படிச் சேர்கிறதோ. மினோரி பாட்டுக் கட்டுகிறேன் என்று சொல்லி உதவிக்கு வருவதில்லை. அடுத்த ஏப்ரலில் இன்னொரு அனிமேக்குக் கேட்டிருக்கிறார்கள், அதிலும் அதே எண்பத்தொன்பது வினாடிதான். தெருவில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று.

அவள் உன் வீட்டிலிருந்து வந்ததும் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். அவளாகவே சங்கு விஷயத்தைச் சொன்னாள், வலை விஷயத்தைச் சொன்னாள். அடுப்பைப் பார்த்தபடி கேட்டேன். கசுயே இங்கே வந்தபின் ரயில் கூவினால் திரும்பக் கத்துவாள். ரயில் பைத்தியம் என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். அவள் கப்பலைத் தேடியிருக்கிறாள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். இதை மினோரி வழியாகக் கேட்க மனமில்லை, நானே கேட்க வேண்டியது.

கசுயே என்னிடம் வந்தபோது இடது காலின் பெருவிரலில் பாதி நகம் இல்லை. அது பிறகும் வளரவில்லை. பள்ளியில் கேட்டார்கள், டாக்டர் கேட்டார், பெரியவளானபின் அவளே கேட்டாள். ஒவ்வொருவருக்கும் ஒரு கதை சொன்னேன். கதவு நசுக்கியது என்றேன், கல் விழுந்தது என்றேன். அவளிடம் சொல்லும்போது, என் கண்ணெதிரில் நடந்தது, நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன் என்றேன். அவள் நம்பினாள். உனக்கு ஒரு வரி எழுதிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்டால், அவள் முதலில் உன்னிடம் இருந்தவள் என்று நானே என் வாயால் சொன்னதாகிவிடும். அதற்காக நாற்பத்தேழு வருஷம் கேட்கவில்லை.

அந்த நகம் எப்படிப் போயிற்று, ஹிசா? யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்? அழுதாளா?

புத்தாண்டு வாழ்த்து அட்டைகளின் நெரிசலில் கடிதம் தாமதமாகும், சீக்கிரம் எழுது. அந்த இரண்டு வருஷத்தில் வேறு என்ன இருந்தாலும் அதையும் எழுது. எனக்குக் கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

உன் அக்கா
கினு